டிபன் பாக்ஸுக்குள் வந்துவிட்ட சாசேஜ்

சென்ற மாதம் என்னிடம் வந்தவருக்கு வயது 38. கணினி நிறுவனத்தில் வேலை. எட்டு மாதமாக மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டார். உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தார். 'மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று சுவரில் எழுதியிருந்த இடத்தைத் தேடிப் போய்ப் பொடி வாங்கித் தின்றார். மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு தடவினார். ஏழு கிலோ எடை குறைந்த பிறகு மனைவி பிடிவாதமாக அழைத்து வந்தார். பெருங்குடலின் இடது பக்கத்தில் கட்டி.

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். புகை இல்லை. மது எப்போதாவது. சாப்பாடு? காலையில் ரொட்டியும் இரண்டு சாசேஜும், ஐந்தாறு வருடமாக. வேலை முடியத் தாமதமாகும் இரவுகளில் சலாமி வைத்த சாண்ட்விச். "அது புரோட்டீன்தானே டாக்டர்?" என்றார்.

அவருக்கு நோய் சாசேஜால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு தனி மனிதருக்கு எதனால் வந்தது என்று எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது. பரம்பரை, உடல் பருமன், நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது, மது, புகை என்று பல காரணங்கள் சேர்ந்து வருகிற நோய் இது. ஆனால் பத்து வருடத்துக்கு முன் அபூர்வமாகக் கேட்ட அந்தக் காலைச் சாப்பாட்டை இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் சொல்கிறார்கள். கூடவே, "விடணுமா, சாப்பிடலாமா?" என்றும் கேட்கிறார்கள்.

2015-ல் சொன்னது என்ன?

உப்பிட்டு, புகையூட்டி, புளிக்கவைத்து, அல்லது கெடாமல் இருக்க நைட்ரைட் போன்றவற்றைச் சேர்த்து வைக்கும் இறைச்சிதான் பதப்படுத்திய இறைச்சி. சாசேஜ், சலாமி, ஹாம், பேக்கன், பீட்சா மேல் வரும் பெப்பரோனி எல்லாம் இதில் சேரும். கசாப்புக் கடையில் வாங்கி வீட்டு ஃப்ரீசரில் வைத்த கறி இதில் சேராது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஆட்டுக்கறியையே பயந்து விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கிறது. 2015 அக்டோபரில் 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்கள் அங்கே கூடி, 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசினார்கள். பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பிரிவில் வைத்தார்கள். தினம் 50 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு ஹாட் டாக் சாசேஜ் சாப்பிட்டுவந்தால், பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்றார்கள்.

அதே முதல் பிரிவில்தான் சிகரெட்டும் இருக்கிறது. உடனே 'சாசேஜும் சிகரெட்டும் ஒன்று' என்று செய்தி பரவியது. அது தவறு. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு காட்டுகிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அது சொல்வதில்லை. அப்போது எடுத்துக்காட்டிய கணக்குப்படி உலகில் ஆண்டுக்குப் புகையிலையால் சுமார் 10 லட்சம் புற்றுநோய் மரணங்கள். பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் சுமார் 34,000.

அந்த 18 சதவீதத்தையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நூறு பேரில் 18 பேருக்கு வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. பிரிட்டனில் கேன்சர் ரிசர்ச் யூகே அமைப்பு போட்ட கணக்கு இது: மிகக் குறைவாகச் சாப்பிடும் 1000 பேரில் வாழ்நாளில் சுமார் 56 பேருக்குக் குடல் புற்றுநோய் வருகிறது, மிக அதிகமாகச் சாப்பிடும் 1000 பேரில் 66 பேருக்கு. நம் நாட்டில் இந்த நோய் அங்கே இருக்கும் அளவுக்கு இல்லை. ஆகவே எப்போதோ ஒரு முறை சாப்பிட்டவர் தூக்கம் கெட வேண்டியதில்லை. தினமும் சாப்பிடுகிறவர்தான் யோசிக்க வேண்டும். வித்தியாசம் பத்துப் பேர்தானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தப் பத்துப் பேரில் ஒருவரிடம் முடிவைச் சொல்லும் வேலை என்னுடையது.

"சாப்பிடலாம் என்று ஆராய்ச்சியே வந்திருக்கே?"

வந்தது. 2019-ல் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் 14 பேர் கொண்ட குழு ஒன்று, இப்போது சாப்பிடும் அளவையே தொடரலாம் என்று பரிந்துரைத்தது. அதன் தலைப்பை மட்டும் அனுப்புகிறவர்கள் உள்ளே இருப்பதைப் படிப்பதில்லை. அந்தக் குழுவே தன் பரிந்துரையை 'பலவீனமானது' என்றுதான் குறித்தது. 14 பேரில் 3 பேர் அதை ஏற்கவில்லை. அளவு கூடினால் ஆபத்து சற்றுக் கூடுவதையும் குழு மறுக்கவில்லை. ஆதாரத்தின் உறுதி குறைவு, மக்கள் கறியை விட விரும்பவில்லை என்பதே அவர்கள் வாதம். ஒருவரை இருபது வருடம் தினமும் சாசேஜ் தின்ன வைத்து, இன்னொருவரைத் தின்னவிடாமல் வைத்துச் சோதனை நடத்த யாராலும் முடியாது. உணவு விஷயத்தில் கிடைக்கிற ஆதாரத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். என் முடிவு: தினசரிச் சாப்பாட்டிலிருந்து அது போகட்டும்.

வாட்ஸ்அப் சமாதானங்கள்

"நாங்க மாடு, பன்றி தொடறதில்லை, சிக்கன் சாசேஜ்தான்." இதைத்தான் அதிகம் கேட்கிறேன். ஆய்வுகளில் பெரும்பாலானவை மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி பற்றியவைதான். சிவப்புக் கறியில் இருக்கும் ஹீம் இரும்பு கோழியில் குறைவு என்பதும் உண்மை. ஆனால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் நைட்ரைட் அல்லது ஐ.என்.எஸ். 250 என்று பொடி எழுத்தில் இருக்கும். கறியை இளஞ்சிவப்பாக வைத்திருப்பதும், கொடிய நச்சுக் கிருமி வளராமல் தடுப்பதும் அதுதான். உடலுக்குள் போய் நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்ப் பொருளாக மாறக்கூடியதும் அதுதான். கோழியில் சேர்த்தால் அதன் குணம் மாறிவிடாது.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, மஞ்சள் போட்டு வதக்கினா விஷம் முறிஞ்சிடும்." வைட்டமின் சி அந்த மாற்றத்தைக் குறைக்கும் என்பது உண்மை. அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் அதைத் தாங்களே சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்த்து விற்ற இறைச்சியையும் சாப்பிட்டவர்களைப் பார்த்துத்தான் இந்த ஆய்வுகள் வந்தன. அரை மூடி எலுமிச்சையை நம்பாதீர்கள். தவாவில் கருகக் கருக வறுப்பது இன்னும் கெடுதல்.

"கீரையிலும் நைட்ரேட் இருக்கே?" இருக்கிறது. ஆனால் அதோடு வைட்டமின் சி-யும் நார்ச்சத்தும் சேர்ந்தே இருக்கின்றன. ஹீம் இரும்பு இல்லை. இதைச் சொல்லிக் கீரையைத் தவிர்க்கும் ஒருவரைப் பார்த்து உண்மையிலேயே எனக்குக் கோபம் வந்தது.

"எங்க பாட்டி உப்புக்கண்டம் தின்னு தொண்ணூறு வயசு இருந்தாங்க." உப்பிட்டு உலர்த்திய கறியும் பதப்படுத்திய கறிதான். ஆனால் பாட்டி எப்போது தின்றார்? ஊர்த் திருவிழாவில் வெட்டிய ஆட்டில் மிஞ்சியதைக் கோர்த்துக் காயவைத்து, மழைக்காலத்தில் நாலு துண்டு வறுத்தார். கூடவே ஒரு வட்டில் சோறும் ரசமும் கீரையும். களையெடுத்து நடந்து களைத்த உடம்பு அது. அந்தப் பாட்டியைத் தினசரி சாண்ட்விச்சுக்குச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்பட வைப்பது, "மாசம் ஒரு தடவை விளக்கெண்ணெய் குடிச்சு குடலைச் சுத்தம் பண்ணிடறேன்" என்பதுதான். குடல் சாக்கடைக் குழாய் இல்லை, அடைப்பெடுத்துக் கழுவிவிட. பேதி போவதால் எந்தக் கட்டியும் வராமல் நிற்காது. வந்திருக்கும் கட்டியும் போகாது. உள்ளே அடைப்பு இருக்கிறவர் பேதி மருந்து குடித்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ரத்தம் வந்தால் மூலம்தானா?

பெரும்பாலும் மூலம்தான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பார்த்துச் சோதித்த மருத்துவர்; சுவரெழுத்தோ மருந்துக்கடையில் நிற்கும் பையனோ இல்லை. மலம் போகும் வழக்கம் சில வாரமாக மாறியிருந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை தின்றும் ஏறாமல் இருந்தாலோ, வயது என்னவாக இருந்தாலும் வந்துவிடுங்கள். மலப் பரிசோதனை, தேவைப்பட்டால் கொலனோஸ்கோப்பி, அவ்வளவுதான்.

வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் அதிகம். பெண்கள் இன்னும் அதிகம். ஆரம்பத்தில் வந்தால் பெரும்பாலானோரைக் குணப்படுத்திவிட முடிகிற நோய் இது. எட்டு மாதம் கழித்து வருகிறவரிடம் அதே உறுதியோடு என்னால் பேச முடிவதில்லை.

குழந்தைகளின் டப்பாவுக்காக

பெரியவர்கள் நீங்கள் எப்போதோ வெளியே போய் ஒரு பீட்சா சாப்பிடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. நான் கெஞ்சுவது பள்ளிக்கூட டப்பாவுக்காக. காலை ஏழு மணிக்கு வேலைக்கும் ஓட வேண்டிய தாய்க்கு, ஐந்து நிமிடத்தில் வறுத்துக் கொடுக்கும் பாக்கெட் எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். குழந்தையும் மிச்சம் வைக்காமல் தின்றுவிடுகிறது. ஆனால் ஆறு வயதில் பழகிய நாக்கு முப்பது வயதிலும் அதையே கேட்கும். 100 கிராம் சாசேஜில் சுமார் 2 கிராம் உப்பு இருப்பது சாதாரணம். பெரியவருக்கே ஒரு நாள் முழுவதுக்கும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முட்டை வேகவும் பத்து நிமிடம்தான். இரவே சுண்டல் ஊறவைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வாங்கும் கோழியில் கொஞ்சம் எடுத்து மிளகு போட்டு வேகவைத்து உதிர்த்து வைத்தால், இரண்டு நாளைக்குச் சப்பாத்திக்குள் சுருட்டிக் கொடுக்கலாம். அப்பாக்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். சுண்டலை ஊறப்போட யார் கையானாலும் போதும். தினமும் இருக்கிற பாக்கெட்டை முதலில் மாதம் ஒன்றாக்குங்கள். பிறகு பிறந்தநாளுக்கு மட்டும் என்று ஆக்குங்கள். இன்றைக்கு ஃப்ரீசரில் இருப்பதைத் தூக்கி எறியக்கூட நான் சொல்லவில்லை. அது தீர்ந்ததும் அடுத்த பாக்கெட்டை வாங்காதீர்கள், தயவுசெய்து.