அவியலில் எத்தனை வெட்டு?

சாம்பாரில் பருப்பு கரைந்துவிடும். அவியலில் அப்படியில்லை. ஒரே சட்டியில் வெந்தாலும் முருங்கை முருங்கையாகவும் சேனை சேனையாகவும் நிற்கும். இரண்டு மக்கள் கூட்டம் கலந்தால் மரபணுவில் நடப்பது அவியல்தான்.

தாய்வழி ஒரு குரோமோசோம், தந்தைவழி ஒன்று. பிள்ளைக்குக் கொடுக்கும்முன் உடல் இரண்டையும் ஓரிரு இடங்களில் வெட்டி, துண்டுகளை மாற்றி ஒட்டுகிறது. தலைமுறைதோறும் இந்தக் கத்தி இறங்குவதால், ஒவ்வொரு முன்னோரின் துண்டும் குறுகிக்கொண்டே போகும். துண்டு நீளமாக இருந்தால் கலப்பு அண்மையது. பொரியலுக்கு நறுக்கியதுபோல் பொடியாக இருந்தால் பழையது. நீளத்தை அளந்தால் எத்தனை தலைமுறை என்று தெரியும். அதைத் தலைமுறைக்குச் சுமார் 29 ஆண்டுகள் என்று பெருக்கினால் காலம் கிடைக்கும்.

பிரியா மூர்ஜனி, குமாரசாமி தங்கராஜ், டேவிட் ரைக் உள்ளிட்டோர் 2013-இல் இந்தியத் துணைக்கண்டத்தின் 73 குழுக்களை இப்படி அளந்தார்கள். 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை, வடக்கு, தெற்கு என்ற இரு தொல்குடி மரபுகள் பெரிய அளவில் கலந்திருக்கின்றன. தனித்து வாழும் பழங்குடிகளிடமும் அந்தக் கலப்பு உண்டு. 'கலப்பில்லாத வம்சம்' என்று யார் பெருமை பேசினாலும் எனக்கு இந்த அளவுகோல்தான் நினைவுக்கு வருகிறது.

வெந்த அவியலை வைத்தே பச்சைக் காயை அறிய முடியாது. அதற்குப் பழைய எலும்பு வேண்டும். நம் வெயிலில் மிச்சச் சோறு ஒரு நாள் தாங்குமா? எலும்பிலுள்ள டி.என்.ஏ.வும் அப்படித்தான் கெடுகிறது. ஹரியானாவின் ராகிகடியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில், ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் போதிய டி.என்.ஏ. கிடைத்தது. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். கிடைத்தது பழையதுதானா, தோண்டியவரின் விரல் பட்டதா? நறுக்கிய வாழைக்காயின் ஓரம் கறுப்பதுபோல, பழைய டி.என்.ஏ. துண்டுகளின் ஓரங்களில் வேதிச் சிதைவு இருக்கும், புதியதில் இராது. இன்று இந்தியர் பலரிடம் உள்ள, யூரேசிய ஸ்டெப்பி புல்வெளி மேய்ப்பர்களின் மரபணுக் கூறு அந்தப் பெண்ணிடம் இல்லை. அது பின்னால், கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில் வந்து சேர்ந்தது.

பிறகு சட்டியை மூடிவிட்டார்கள். தம் குழுவுக்குள்ளேயே மணக்கும் அகமணம் இறுகியது. ஆந்திரத்தின் வைசியர்களிடையே 2,000 ஆண்டுகளுக்கு மேலாக வெளிக்கலப்பு மிகக் குறைவு. முன்னோர் சிலரிடம் இருந்த அரிய குறையொன்று அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிப் பெருகியது. அதனால், அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் சில நிமிடங்களில் விலகாமல், அவர்களில் சிலரை மணிக்கணக்கில் மூச்சுவிட முடியாமல் கிடத்திவிடுகிறது.