அடுத்த ஊர் வென்றால் நாம் மகிழலாமா?

பொருநை நதி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்திருப்பது புன்னக்காயல். அதற்குத் தெற்கே சில கல் தொலைவில் காயல்பட்டினம். முன்னது கடலை நம்பி வாழும் கத்தோலிக்கப் பரதவ மக்களின் ஊர். பின்னது பள்ளிவாசல்களுக்கும் மார்க்கக் கல்விக்கும் பேர்பெற்ற முஸ்லிம்களின் ஊர். இரண்டும் ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன; பெயரிலும் பாதியைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டுக்கும் பொதுவான மற்றொன்றும் உண்டு. அதுதான் கால்பந்து. காயல்பட்டினத்து ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் பெயரால் கோடைதோறும் அகில இந்தியக் கால்பந்துப் போட்டியை நெடுங்காலமாக நடத்தி வருவதை விளையாட்டு அன்பர்கள் நன்கறிவர்.

அந்த வட்டாரத்து மைதானம் ஒன்றில் ஒரு மாலைப் பொழுதைக் கற்பனை செய்து பாருங்கள். அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு வந்த கூட்டம் நாற்புறமும் நிற்கிறது. ஆட்டம் சமநிலையில் இருக்கிறது. முடிய ஒரு நிமிடமே இருக்கும்போது, புன்னக்காயல் இளைஞன் ஒருவன் மூவரைக் கடந்து சென்று அடித்த பந்து நம்மவரின் வலைக்குள் புகுந்துவிடுகிறது. நம் பக்கத்தில் பேரமைதி. அந்த அமைதியில் நம் வீட்டுச் சிறுவன் ஒருவன் தன்னை மறந்து கை தட்டிவிடுகிறான். அருகிலிருந்த பெரியவர், "யாருக்குக் கை தட்டுகிறாய்?" என்று அதட்டுகிறார். சிறுவன் தலை குனிகிறான்.

சிறுவன் செய்தது தவறா? பெரியவர் அதட்டியது தவறா? சிறிய கேள்விதான். ஆயினும் இதற்கு நாம் தரும் விடையில்தான் அண்டை அயலாரோடு நாம் வாழும் வாழ்வு அடங்கியிருக்கிறது.

விளையாட்டும் போட்டியும் நம் மார்க்கத்துக்கு அந்நியமானவை அல்ல. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதன்முறை அன்னையார் வென்றார்கள். பின்னொரு காலம் பெருமானார் வென்றபோது, முன்னைய தோல்விக்கு இது ஈடாயிற்று என்று நகைத்தார்கள். வெற்றியும் தோல்வியும் அந்த இல்லத்தில் அன்பை வளர்த்தனவேயன்றிக் குறைக்கவில்லை.

நம் கேள்விக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி வேறொன்று. நாயகம் (ஸல்) அவர்களிடம் 'அள்பா' என்ற பெண் ஒட்டகம் ஒன்று இருந்தது. எந்த ஒட்டகமும் அதனை முந்தியதில்லை என்ற பெருமை அதற்கு உண்டு. ஒரு நாள் கிராமப்புறத்து அரபி ஒருவர் தமது இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது பெரும் மனவருத்தத்தைத் தந்தது. அவர்களின் முகவாட்டத்தைக் கண்ட பெருமானார் வந்தவரைக் குறை சொல்லவில்லை, பந்தயத்தைப் பழிக்கவில்லை, மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை. இவ்வுலகில் எப்பொருள் உயர்ந்தாலும் அதனைத் தாழ்த்துவது இறைவன் வகுத்துக்கொண்ட நியதி என்று எடுத்துரைத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள இச்செய்தியை, தோற்ற அணியின் ரசிகர் ஒவ்வொருவரும் நெஞ்சில் பொறித்துக்கொள்ள வேண்டும். ஏகத்துவத்தின் தூதருடைய ஒட்டகமே பந்தயத்தில் பின்தங்கியது என்றால், நம் ஊர் அணி தோற்பதில் மார்க்கத்துக்கு என்ன இழுக்கு நேர்ந்துவிடும்?

அதே நூலில் மற்றொரு நிகழ்ச்சியும் காணப்படுகிறது. அஸ்லம் குலத்தார் இரு பிரிவாகப் பிரிந்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்தனர். அவ்வழியே சென்ற நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை உற்சாகப்படுத்தி, தாம் ஒரு பிரிவாரின் பக்கம் நிற்பதாகக் கூறினார்கள். உடனே எதிர்ப்பிரிவார் கைகளை நிறுத்திவிட்டனர். காரணம் வினவியபோது, தாங்கள் அவர்கள் பக்கம் இருக்கையில் நாங்கள் எவ்வாறு எய்வோம் என்றனர். அதற்குப் பெருமானார், எய்யுங்கள், உங்கள் அனைவருடனும் நான் இருக்கிறேன் என்று கூறி ஆட்டத்தைத் தொடரச் செய்தார்கள். ஒரு பக்கம் சாய்வது மனித இயல்பு, அது குற்றமன்று. ஆயின் நம் சாய்வு மற்றவரின் உள்ளத்தை உடைக்கும் என்று தெரிந்த மாத்திரத்தில் அனைவருக்கும் உரியவராக நிற்பது நபிவழி.

"எதிரில் நிற்பவர் நம் மார்க்கத்தவர் அல்லரே" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் திருமறையின் 'அர்ரூம்' அத்தியாயத்தை எடுத்து ஓதிப் பார்க்கட்டும். பாரசீகர்கள் 614ஆம் ஆண்டில் ஜெரூசலத்தைக் கைப்பற்றினர். கிறிஸ்தவர்களான ரோமானியர் அடுத்தடுத்துத் தோற்றபோது, மக்கத்துக் குறைஷியர் மகிழ்ந்தனர், முஸ்லிம்கள் வருந்தினர். ரோமானியர் சில ஆண்டுகளில் மீண்டும் வெல்வர் என்றும், அந்நாளில் இறைநம்பிக்கையாளர் மகிழ்வர் என்றும் இறைவன் முன்னறிவித்தான், அவ்வாறே நடந்தது. அது பேரரசுகளின் போர். இது மாலை நேரத்து விளையாட்டு. இரண்டையும் ஒன்றாக்குவது நம் கருத்தன்று. ஆனால் வேறு மார்க்கத்தாரின் வெற்றிக்காக ஒரு முஸ்லிமின் உள்ளம் மகிழ்வதே கூடாது என்று சொல்வோருக்கு அந்த வசனங்களில் விடை இருக்கிறது.

இங்கே மூன்று வேளைகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, அடுத்த ஊரார் வேறெவரையோ வெல்லும் வேளை. புன்னக்காயல் அணி தொலைதூரத்து அணியை வீழ்த்திக் கோப்பையோடு வந்தால், தெருவுக்கு வந்து வாழ்த்துவதில் நமக்குத் தயக்கமே வேண்டுவதில்லை. அது பொருநைக் கரையின் வெற்றி.

இரண்டாவது, அவர்கள் நம்மையே வெல்லும் வேளை. அப்போது மனம் வருந்துவது பாவமன்று. வராத மகிழ்ச்சியை வந்ததாக நடிக்கவும் வேண்டாம். ஆனால் திறமைக்குக் கை தட்டுவதும், வென்றவரின் கையைப் பற்றி வாழ்த்துவதும் நம் கடமை. தனக்கு விரும்புவதைத் தன் அண்டை அயலாருக்கும் விரும்பாதவரின் ஈமான் நிறைவு பெறாது என்பது நாயக வாக்கின் கருத்து. சிறுவன் கை தட்டியது இதற்காகவே. அவன் தலை குனிய வேண்டியதில்லை.

மூன்றாவது வேளையே மிகக் கடினமானது. அவர்கள் தோற்கும் வேளை அது. நாம் வென்றதற்காக மகிழலாம். அவர்கள் அழுவதைக் கண்டு மகிழலாகாது. பிறர் துன்பத்தில் இன்பம் காணாதீர். அவர்மீது இறைவன் இரங்கி, உங்களைச் சோதித்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கை திர்மிதியில் உள்ளது. தோற்றவர் ஊர் வழியே வாகனங்களில் கூச்சலிட்டுச் செல்வதும், அவர்கள் வாசலில் வெடி கொளுத்துவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. இதனைக் கொண்டாட்டம் என்பதைவிடக் குத்தல் என்பதே பொருந்தும்.

இத்தகைய குத்தல்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்தக் கடற்கரை அறியும். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளிப்பு உரிமையைக் குறித்துப் பரதவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கடும் பகை மூண்டது. பரதவர்கள் போர்ச்சுகீசியரின் துணையை நாடி, 1530களில் கிறிஸ்தவ மார்க்கத்தைத் தழுவினர். 1538இல் வேதாளைக் கரையில் போர்ச்சுகீசியருக்கும் மரைக்காயர்களுக்கும் பெரும் போர் நடந்தது. இரு சமூகத்தாரும் இரத்தம் சிந்தினர். இலாபம் கடல் கடந்து வந்த அந்நியனுக்குப் போயிற்று. எதற்காகச் சண்டையிட்டார்களோ அந்த முத்துக்குளிப்பும் 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. முத்து போயிற்று, அண்டை ஊர் மட்டும் அங்கேயே இருக்கிறது.

வெளியுலகிலும் இதற்குச் சான்று உண்டு. 1969ஆம் ஆண்டு மத்திய அமெரிக்காவின் அண்டை நாடுகளான எல் சால்வடாரும் ஹொண்டுராஸும் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டிகளில் மோதின. நிலம், குடியேற்றம் ஆகியவை பற்றிய பூசல் அவர்களிடையே முன்பே புகைந்துகொண்டிருந்தது. மைதானத்து வெறி அதற்குத் தீயிட்டது. சுமார் நூறு மணி நேரமே நீடித்த போரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

நம் தமிழகம் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை உலகுக்குக் காட்டியது. 1999 ஜனவரி இறுதியில் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் டெஸ்ட் ஆட்டத்தில் மோதின. அம்மாதத் தொடக்கத்தில்தான் அந்தப் பயணத்தை எதிர்த்தவர்கள் டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்தனர். இந்தியாவுக்கு இலக்கு 271 ஓட்டங்கள். முதுகுவலியோடு போராடி 136 ஓட்டங்கள் எடுத்த சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழந்தபோது தேவைப்பட்டவை 17 ஓட்டங்களே. எஞ்சிய மூவரும் 4 ஓட்டங்களுக்குள் வீழ்ந்தனர். 12 ஓட்டங்களில் தோல்வி! சேப்பாக்கத்து மக்கள் ஒரு கணம் உறைந்தனர். பின்னர் எழுந்து நின்று கை தட்டினர். அந்தக் கரவொலியினிடையே பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தனர். அடுத்த மாதமே கல்கத்தாவில் அதே அணிகள் ஆடியபோது கலவரம் மூண்டு, இறுதி நாளில் பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டு ஆட்டத்தை முடிக்க நேர்ந்தது. இவ்விரண்டில் எது நமக்குப் பெருமை தருகிறது?

இங்கே நம் வீட்டு இளைஞர்களுக்கு ஒரு சொல். அன்று சேப்பாக்கத்தில் கை தட்டியவரிடம் நீ எந்த மார்க்கத்தவன் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் எல்லாக் காலமும் அப்படி இருப்பதில்லை. 2017இல் மத்தியப் பிரதேசத்தில், பாகிஸ்தானின் வெற்றியைக் கொண்டாடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு முஸ்லிம்கள் கைது செய்யப்பட்டனர். 2023இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். அந்த அநீதியைக் கண்டிக்கும் நாம், நமக்குள்ளும் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஓர் அணியில் ஆடுவோர் கலிமா சொன்னவர்கள் என்பதற்காக அது வெல்ல வேண்டும் என்று எண்ணுவது மார்க்கப்பற்று ஆகாது. பந்துக்கும் மட்டைக்கும் கலிமா இல்லை. பிறந்த மண்ணை நேசிப்பது இயல்பு. மக்காவைப் பிரிந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அந்த மண்ணை நோக்கி எத்துணை ஏங்கினார்கள் என்பதை நாம் அறிவோம். தன் இனத்தை நேசிப்பது இனவெறியா என்று கேட்கப்பட்டபோது, அன்று, அநீதியில் தன் இனத்துக்குத் துணைபோவதே இனவெறி என்று அண்ணலார் விளக்கினார்கள். ஆகவே நம் நாட்டு அணியை நெஞ்சார ஆதரியுங்கள். எதிரணியின் திறமையைக் கண்டால், அது எந்த அணியாயினும், மனந்திறந்து பாராட்டுங்கள். உங்கள் கரவொலிக்குக் காரணம் கேட்கப்பட்டால், நல்ல ஆட்டம் என்ற ஒரே விடை உங்களிடம் இருக்கட்டும். அது உண்மையாகவும் இருக்கட்டும்.

மீண்டும் பொருநைக் கரைக்கு வருவோம். 2023 டிசம்பர் மத்தியில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. ஆற்று வெள்ளம் கரையுடைத்து, கடலை அடையும் வழியெல்லாம் ஊர்களைச் சூழ்ந்தது. பள்ளிவாசல் உள்ள ஊர், மாதா கோயில் உள்ள ஊர் என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. அத்தகைய இரவில் கதவைத் தட்டினால் திறக்க வேண்டியவர்கள் யார்? தொலைக்காட்சியில் நாம் கண்டு களிக்கும் வீரர்களா? அல்லர். பக்கத்து ஊர்க்காரர்களே. உறவினரான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யுமாறு திருமறை பணிப்பதும், அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திய வகையைக் கண்டு, அவருக்கு வாரிசுரிமையே கிடைத்துவிடுமோ என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியதும் இதனாலன்றோ!

ஆதலின் பெரியவர்களே, அடுத்த முறை நம் வலைக்குள் அழகான பந்து ஒன்று விழும்போது உங்கள் வீட்டுச் சிறுவன் கை தட்டினால் அதட்டாதீர்கள். முடிந்தால் நீங்களும் தட்டுங்கள். ஆட்டம் முடிந்ததும் அவனை அழைத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து அந்தப் பக்கம் சென்று, வென்றவர்களுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டு மஃரிப் தொழுகைக்குத் திரும்புங்கள். அந்தச் சில அடிகளில் அவன் கற்றுக்கொள்வது அவன் வாழ்நாள் முழுதும் நிற்கும்.

வெற்றியில் பணிவையும், தோல்வியில் பொறுமையையும், அயலார் மகிழ்ச்சியில் பங்குகொள்ளும் விரிந்த உள்ளத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.