கோல்ஃப் ஆட ஃபிட்னெஸ் எதுக்கு? முதல் நாளே முதுகு பிடிப்பது ஏன்?

பிள்ளைப்பாக்கம், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிற இளம் இன்ஜினியர்களுக்கு கோல்ஃப் ஒன்றும் தூரத்து விளையாட்டு இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், வல்லம் வடகாலில் யமஹா என்று கொரிய, ஜப்பானிய நிறுவனங்கள் நிறைந்த பெல்ட் இது. அந்த இரண்டு நாடுகளிலும் கோல்ஃப், ஆபீஸ் வாழ்க்கையில் ஒரு பகுதி. மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால், "இதுல ஓட்டமே இல்லையே, சமாளிச்சிடலாம்" என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். திங்கட்கிழமை காலை சேரிலிருந்து எழும்போதுதான் விஷயம் புரியும்.

கோல்ஃப் ஆடும் அமெச்சூர்களிடம் அதிகம் காணப்படும் பிரச்சினை கீழ் முதுகு வலி. முழங்கை, மணிக்கட்டு வலியும் சகஜம். பந்தின் எடை 46 கிராமுக்குள்தான். அதை அடிக்கும்போது உடம்புக்குள் நடப்பதுதான் பெரிய வேலை.

சக்தி கையிலிருந்து வருவதில்லை

ஸ்விங் பாதத்தில் தொடங்குகிறது. தரையை மிதித்து எடுக்கும் விசை இடுப்புக்குப் போய், அங்கிருந்து மேல் முதுகு, தோள், கை, மணிக்கட்டு என்று ஏறி கடைசியில் கிளப்பின் முனைக்கு வருகிறது. மேலே தூக்கிய கிளப் இறங்கிப் பந்தைத் தொட ஆகும் நேரம் சுமார் கால் நொடி.

இந்தத் திருகலுக்கு வளைந்து கொடுக்க வேண்டியவை இடுப்பு மூட்டும் மேல் முதுகும். கீழ் முதுகின் எலும்புகள் முன்னும் பின்னும் நன்றாக மடங்கும், ஆனால் பக்கவாட்டில் திரும்புவது மிகக் குறைவு. நாள் முழுக்க லேப்டாப் முன்னால், மீதி நேரம் கம்பெனி பஸ்ஸில் உட்காருகிறவருக்கு இடுப்பும் மேல் முதுகும் இறுகிப்போயிருக்கும். அவை திரும்பாத பாக்கியை கீழ் முதுகு சுமக்கிறது. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகு அடிக்கடி பழுதாகும் கதையும் ஏறக்குறைய இதுதான்.

டைகர் உட்ஸ் முதல் அதிதி வரை

கோல்ஃபர்களை ஜிம் பக்கம் திருப்பியதில் டைகர் உட்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே முதுகுக்காக 2014 முதல் பலமுறை அவர் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2017-ல் முதுகெலும்பு இணைப்பு சிகிச்சை, 2019-ல் 43 வயதில் மாஸ்டர்ஸ் பட்டம். உடம்பை ஏற்றி தூரம் அடிக்கும் வழியைக் காட்டிய பிரைசன் டிஷாம்போ 2020 யுஎஸ் ஓபனை 6 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார்.

அப்படியானால் வெயிட் தூக்கினால் போதுமா? இங்கேதான் பெங்களூரு பெண் அதிதி அசோக்கைப் பார்க்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு கொரோனா வந்து, அவரது ஷாட்களின் தூரம் குறைந்துபோனது. இருந்தும் 2021 ஆகஸ்டில் 15 அண்டர் பாருடன் நான்காவது இடம். வெண்கலம் கைநழுவியது ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில். தூரத்தில் இழந்ததை புட்டிங்கில் மீட்டார். ஆக, ஃபிட்னெஸ் திறமைக்கு மாற்று அல்ல. ஆனால் அந்த ஒரு ஸ்ட்ரோக், முழு பலத்தோடு வந்திருந்தால் கிடைத்திருக்குமோ என்று ரசிகர்கள் இன்றும் கணக்குப் போடுகிறார்கள்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

பெரிய செலவு தேவையில்லை. வாரம் மூன்று நாள், இருபது நிமிடம் போதும். பிளாங்க், குளூட் பிரிட்ஜ், பக்கவாட்டில் படுத்து மேல் கையை மட்டும் எதிர்ப்பக்கம் திறக்கும் 'ஓபன் புக்'. கூடவே நம்ம தோப்புக்கரணம், தொடைக்கும் இடுப்புக்கும் அருமையான பயிற்சி. இரண்டு கையிலும் தண்ணீர் கேன் பிடித்து நிமிர்ந்து நடந்தால் பிடிமானமும் வயிற்றுத் தசையும் சேர்ந்து பலமாகும். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பதைச் சிரிப்பாக நினைக்காதீர்கள், பேலன்ஸ் இல்லாத ஸ்விங் எங்கேயும் போகாது. ஏற்கெனவே டிஸ்க் பிரச்சினையோ, காலுக்கு இறங்கும் வலியோ இருந்தால் முதலில் டாக்டர், அப்புறம்தான் கிளப்.

நடையும் முக்கியம். 18 ஹோல் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல், எட்டு கிலோமீட்டர் போல நடை. கடைசி ஹோல்களில் ஷாட் கெடுவதற்கு டெக்னிக்கை விட களைப்பே பல நேரம் காரணம்.

ஆட்ட நாள் காலை

பிள்ளைப்பாக்கத்திலிருந்து நந்தனம் காஸ்மோ மைதானத்துக்கு சுமார் 40 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் காரில் மடங்கி உட்கார்ந்துவிட்டு, இறங்கியதும் டிரைவரை எடுத்து ஓங்கி அடிப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். வேகமாக ஒரு நடை, கால் வீசுதல், கிளப்பைத் தோளில் வைத்து உடம்பைத் திருப்புதல், பிறகு சின்ன கிளப்பில் மெதுவான ஸ்விங்குகள். வார்ம்-அப் பழக்கத்தால் கிளப்பின் வேகம் கூடுகிறது என்று 2004-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வந்த ஆய்வும் சொல்கிறது. அசையாமல் நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெட்ச்சை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சென்னை வெயிலில் தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. தண்ணீரோடு உப்பு போட்ட மோரோ இளநீரோ பையில் இருக்கட்டும். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக மைதானத்துக்குப் போகும் திட்டமிருந்தால், மேனேஜரிடம் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிடுவது நல்லது.