கிணற்று நீர் உவராவது ஏன்? – கிழக்குக் கரையோரத்தின் தரைக்கீழ் நீர்

மாணவர்களே, மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையான எந்தக் கரையோர ஊரிலும் வீட்டு வளவில் ஒரு கிணற்றைக் காணலாம். கடல் கூப்பிடு தொலைவில் இருக்கும். ஆயினும் கிணற்று நீர் குடிக்கக்கூடியதாக இருக்கும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் பள்ளிவாசல் ஹவ்ழுக்கும் தலைமுறைகளாக இந்த நீரே பயன்பட்டு வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது அந்த நீர் ஒரே நாளில் உவராயிற்று. அதை மீட்க எடுத்த முயற்சிகளும் சில இடங்களில் பிழைத்துப் போயின. ஏன் அவ்வாறு நேர்ந்தது என்பதை இப்பாடத்தில் விளங்கிக்கொள்வோம். புவியியல், விஞ்ஞானம் ஆகிய இரு பாடங்களுக்கும் இது பயன்படும்.

1. மலையும் மழையும்

கல்முனையில் மலை இல்லை. எனினும் கல்முனைக்கு எப்போது மழை கிடைக்கும் என்பதை மத்திய மலைநாடே பெரிதும் தீர்மானிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிகிறது. பின்னர் ஈரத்தை இழந்த காற்றாக அது கிழக்குச் சரிவில் இறங்குகிறது. இறங்கும் வளி அமுக்கப்படுவதால் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் வெப்பம் கூடுகிறது. நாம் கச்சான் காற்று என்று அழைக்கும் வறண்ட வெங்காற்று இதுவேயாகும். அல்ப்ஸ் மலைப் பகுதியில் வீசும் போன் காற்றும் இவ்வகையினதே.

ஆகவே அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மழை ஒதுக்குப் பிரதேசமாகிறது. ஆண்டு மழைவீழ்ச்சி பொதுவாக 1750 மில்லிமீற்றருக்குக் குறைந்த உலர் வலயத்தில் இது அடங்குகிறது. கிடைக்கும் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான மாரியில் பெய்து முடிகிறது. மாரியில் மணலுக்குள் இறங்கிச் சேரும் நீரைக் கொண்டே அடுத்த கோடையைக் கழிக்க வேண்டும். கரையோர மணல் நமது நீர்த்தொட்டி என்பதை முதலில் மனத்திற் கொள்க.

2. மணலுக்குள் மிதக்கும் நன்னீர்

நீரைத் தன் இடைவெளிகளில் சேமித்து, கிணற்றுக்கு வழங்கக்கூடிய மண் அல்லது பாறைப் படை நீர்கொள்படை எனப்படும். கரையோர மணல் அத்தகைய ஒரு படையாகும். இதன் மேற்பகுதியில் மழையால் வந்த நன்னீரும் கீழ்ப்பகுதியில் கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரும் உள்ளன.

நன்னீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.000, கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 (கிராம்/கன சென்ரிமீற்றர்). எனவே இலேசான நன்னீர், பாரமான உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணற்றிடல்களில் இந்நன்னீர் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் வில்லை வடிவில் காணப்படும். ஆகவே இதனை நன்னீர் வில்லை என்பர்.

இத்தொடர்பை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தைச் சேர்ந்த கைபனும், 1901இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே விளக்கினர். அவர்களது விதியின்படி, நிலநீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 1 மீற்றர் உயர்ந்திருந்தால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கலாம்.

இவ்விதியைத் தலைகீழாகவும் வாசித்துப் பாருங்கள். இறைப்பினால் நிலநீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்து அப்படியே நிலைத்தால், கீழேயுள்ள உவர்நீர் எல்லை 4 மீற்றர் மேலே வர இடமுண்டு. மேலே சிறிது எடுத்தால் கீழே பெரிது இழக்கிறோம். கிணற்றுக்கு நேர்கீழே உவர்நீர் கூம்பு போல மேலெழுவதை உவர்நீர் மேற்கூம்பல் எனலாம்.

3. சுனாமி செய்தது என்ன?

சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் ஏற்பட்ட 9.1 பருமனுடைய நிலநடுக்கத்தினால் தோன்றிய அலைகள் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களில் நமது கரையை அடைந்தன. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இலங்கையின் மாவட்டங்களுள் இதுவே மிகக் கூடிய இழப்பாகும். நாடு முழுவதும் 40,000க்கும் மேற்பட்ட குடிநீர்க் கிணறுகள் அழிந்தன அல்லது மாசடைந்தன என மதிப்பிடப்பட்டது.

கிணற்றுக்குள் உப்பு மூன்று வழிகளில் புகுந்தது.

(அ) அலை திறந்த கிணற்றுக்குள் நேரடியாக விழுந்தது.
(ஆ) பள்ளங்களில் தேங்கிய கடல்நீர் மணலூடாக ஊறி இறங்கியது. பாரமானதாகையால் அது நன்னீரைத் துளைத்துக்கொண்டு கீழே சென்று கலந்தது.
(இ) பின்னர் செய்த மிகை இறைப்பினால் அடியிலிருந்த உவர்நீர் மேலெழுந்தது.

இவற்றோடு இடிந்த மலசலகூடக் குழிகளின் கழிவும் சேர்ந்தது.

எவ்வளவு உப்பு போதும்? ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அதில் குளோரைட்டு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். நீரில் குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் உவர்ச்சுவை தெரியத் தொடங்கும். 2,000 லீற்றர் நன்னீர் உள்ள கிணற்றில் இந்த அளவை எட்ட ஏறத்தாழ 27 லீற்றர் கடல்நீர், அதாவது இரண்டு மூன்று வாளிகள் போதும்!

4. ஆய்வாளர்கள் கண்டறிந்தவை

2005 பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை அமெரிக்க, இலங்கை, டென்மார்க் விஞ்ஞானிகள் அடங்கிய குழு நமது கரையோரத் தரைக்கீழ் நீரை ஆராய்ந்தது. அதன் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. அம்பாறை மாவட்டக் கிணறுகளில் மின்கடத்துதிறனை அளந்து செய்த தனி ஆய்வொன்றும் 2008இல் வெளிவந்தது.

மின்கடத்துதிறனை ஏன் அளக்கிறார்கள்? உப்பு நீரில் கரையும்போது அயன்களாகப் பிரிகிறது. அயன்கள் கூடும்போது மின் கூடுதலாகக் கடத்தப்படும். எனவே சிறு கருவியொன்றைக் கிணற்று நீரில் அமிழ்த்திய உடனேயே உவர்த்தன்மையை மதிப்பிடலாம்.

சுனாமிக்குப் பின் உதவிக்கு வந்தோர் இயந்திரங்களால் கிணறுகளை இறைத்தனர். சேறும் குப்பையும் அழுகிய பொருட்களும் அகல அது அவசியமாயிருந்தது. சில இடங்களில் உப்பும் குறைந்தது. ஆனால் மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில் உவர்நீர் மேற்கூம்பல் ஏற்பட்டு, நீரின் உவர்ப்பு முன்னரிலும் கூடியது. கிணற்றடியிலேயே கொட்டப்படும் உவர்நீரோ மணலூடாக மறுபடியும் கிணற்றுக்கே வந்துசேரும்.

கிணறு ஒரு தொட்டியாக இருந்தால் வெறுமையாக்கி நிரப்பலாம். அதுவோ மணற்படைக்குள் திறந்த ஒரு சாளரம் மட்டுமே. வளவு முழுவதன் கீழும் பரவிய உப்பைச் சாளரம் வழியாக அள்ளி முடிக்க முடியாது. பல மாரிகளின் மழை மணலூடாக இறங்கி உப்பைக் கழுவித் தள்ளினாலே உவர்த்தன்மை குறையும் என ஆய்வுக் குழு மதிப்பிட்டது. அவசரமான இறைப்பை விட, பொறுமையோடு மழையை உள்ளே விடுவதே மேலான மருந்தாகும்.

5. இன்று நாம் செய்யத்தக்கவை

குழாய்நீர் வந்த பின்னர் பலர் கிணற்றை மறந்துவிட்டனர். எனினும் குழாய் தடைப்படும் நாளில் கைகொடுப்பது கிணறே.

• கோடையில் மோட்டாரைத் தொடர்ந்து ஓடவிடாது, இடைவிட்டுச் சிறிது சிறிதாக இறைத்தல்.
• கூரைநீரை வீதிக்கு விடாது வளவு மணலுக்குள் இறங்கச் செய்தல்.
• முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூடாதிருத்தல்.
• கரையோர மணலை அகழாதிருத்தல்.
• மலக்குழியைக் கிணற்றிலிருந்து இயன்றளவு தூரத்தில் அமைத்தல்.
• கடல்நீர் புகுந்தால், குப்பை அகலுமளவு மெதுவாக இறைத்து, அந்நீரைத் தூரத்தில் விட்டு, குளோரின் இட்டுக் கிருமி நீக்குதல். குளோரின் கிருமிகளைக் கொல்லுமேயன்றி உப்பை நீக்காது என்பதை மறவாதீர்கள்.

மாதிரி வினாக்கள்

1. நிலநீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 0.5 மீற்றர் உயரத்தில் உள்ளது. நன்னீரின் ஆழம் யாது?
விடை: 0.5 × 40 = 20 மீற்றர் (கடல்மட்டத்திற்குக் கீழே).

2. கச்சான் காற்று வறண்டதாகவும் வெப்பமாகவும் இருப்பதற்கு ஒவ்வொரு காரணம் தருக.
விடை: மேற்குச் சரிவில் மழையாக ஈரத்தை இழத்தல், கிழக்குச் சரிவில் இறங்கும்போது அமுக்கப்பட்டு வெப்பமடைதல்.

3. கிணற்று நீரின் உவர்த்தன்மையை மின்கடத்துதிறனால் மதிப்பிட முடிவது ஏன்?
விடை: கரைந்த உப்பு அயன்களைத் தருவதாலும், அயன்கள் கூடும்போது கடத்துதிறன் கூடுவதாலும்.

4. "உவரான கிணற்றை மேலும் மேலும் இறைத்தால் நன்னீர் வரும்." இக்கூற்றை ஆராய்க.
குறிப்பு: நன்னீர் வில்லை, அடர்த்தி வேறுபாடு, மேற்கூம்பல், மாரி மழை ஆகிய நான்கும் விடையில் இடம்பெற வேண்டும். இயலுமாயின் படம் வரைக.

செயற்பாடு: உங்கள் வளவுக் கிணற்றின் நீர்மட்டம் நிலத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைக் கயிற்றால் மாதமொருமுறை அளந்து, ஓராண்டுக்கு வரைபு அமையுங்கள். மாரி எப்போது உங்கள் கிணற்றை வந்தடைகிறது என்பதை அவ்வரைபே காட்டும்.