கணவாய் வழியே ஆறு நாள்

கால்நடையாக மலையேறுதல் நம்மவர்க்குப் புதிதன்று. சிவனொளிபாத மலைக்கும் கதிர்காமத்துக்கும் நேர்த்தி வைத்து நடந்தோர் நம் வீடுதோறும் உளர். ஆயினும், நேர்த்தி எதுவுமின்றி, வழியைக் காண்பதற்காகவே ஆறு நாள் நடக்கப் போகிறோம் என்று கூறியபோது, "பஸ் ஓடவில்லையா?" என்பதே எம் வீட்டார் கேட்ட முதற் கேள்வி.

புறப்பட்டவர் எண்மர். ஆசிரியர் இருவர், உயர்தர வகுப்பு மாணவர் ஐவர், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். தபாலதிபரின் வயதை எண்ணி நாம் தயங்கினோம். ஆறாம் நாள் முடிவில் கால் நோகிறது என்று ஒருமுறையேனும் சொல்லாதவர் அவர் ஒருவரே. மார்கழி, தை மாதங்களின் வாடைக்காற்று மழை ஓயட்டும் என்று காத்திருந்து, மாசி நடுவில் வெலிமடையில் ஒன்று கூடினோம். அரிசி, மா, பருப்பு, கட்டிச் சம்பல், அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் ஆகிய இவையே எம் மூட்டையிற் பெரும்பங்கு.

ஊவா மலைநாட்டை ஓர் அகன்ற கிண்ணத்துக்கு ஒப்பிடலாம். நாற்புறமும் மலைவிளிம்பு, நடுவே புல்வெளியும் வயலும். விளிம்பு எங்கெங்கே தாழ்கிறதோ அங்கங்கே கணவாய். இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை, எல்ல என்பன தென்திசை வாயில்கள். கீழ்நாட்டிலிருந்து படை வந்தாலும் வணிகம் வந்தாலும் இவற்றில் ஒன்றின் வழியாகவே வரல்வேண்டும். வாயிலைக் காப்பவனே வீட்டை ஆள்பவன். கோட்டைகள் எழுந்ததற்கு வேறு காரணம் வேண்டுவதில்லை.

முதல் நாள் நாம் கண்டது பரணகமப் பகுதியில் உள்ள மக்டொனால்ட் கோட்டை. கோட்டை என்ற சொல்லை நம்பி ஏறுவோர் ஏமாறுவர். "எங்கே சேர் கோட்டை?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். "நீ நிற்கும் குன்றுதான்" என்றேன். 1817 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பதுளையின் உதவி அதிகாரி வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். ஊவா முழுவதும் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தது. கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவையான கெப்பெற்றிபொலவே கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்து, அவர்களுக்குத் தலைவரானார். 1818 இன் தொடக்கத்தில் மேஜர் மக்டொனால்ட் ஏறத்தாழ 60 வீரருடன் இக்குன்றில் நின்று, கெப்பெற்றிபொலவின் ஆயிரக்கணக்கான ஆட்களை எட்டு நாள் எதிர்த்தார். அதனால் குன்றுக்கு அவர் பெயர் நிலைத்தது. அதே ஆண்டு நவம்பரில் கெப்பெற்றிபொல கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஊவாவின் வயல்களும் வீடுகளும் கால்நடைகளும் பட்ட அழிவோ சொல்லுந்தரமன்று. குன்றின்மேல் நின்று பார்த்தால் இன்று எங்கும் மரக்கறித் தோட்டம். உருளைக்கிழங்குப் பாத்திக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த கமக்காரர் எமக்குக் கையசைத்தார்.

இரண்டாம் நாள் பொரலந்தை ஊடாக இதல்கஸ்ஹின்னவுக்கு ஏறினோம். நெடுநடை, அதைப்பற்றி எழுத அதிகம் இல்லை, அட்டைகளைத் தவிர. மாலை நான்கு மணிக்குப் புகையிரத நிலையத்தை அடைந்தபோது மூடுபனி கணவாயின் ஒரு பக்கத்திலிருந்து ஏறி, தண்டவாளத்தைக் கடந்து, மறுபக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கிருந்து அப்புத்தளை செல்லும் மலைமுதுகில் உள்ள காட்டுக்குப் பெயர் தங்கமலை. பெயரிட்டவர் எவரென்று எந்தப் பலகையிலும் இல்லை. எம்மொழியில் இட்டார் என்பது மட்டும் விளங்குகிறது.

அப்புத்தளை ஒரு விந்தையான ஊர். மலைமுதுகின் மேலேயே கடைத்தெரு. வடக்கே நோக்கினால் ஊவாக் கிண்ணம். தெற்கே நோக்கினால் நிலம் சட்டென வீழ்ந்து, வான் தெளிந்த நாளில் தென்கடல் வரை தெரியும். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் றொஜர்ஸ் 1845 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7 ஆம் நாள் இக்கணவாயில் இடி வீழ்ந்து மாண்டார். தெருக்கள் அமைத்தவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவர் நினைவாகப் பதுளையில் புனித மாற்கு தேவாலயம் எழுந்தது. யானைகளை எண்ணி வைத்தார்கள். அத்தெருக்களை வெட்டிய கைகளை எண்ணி வைத்தார் உண்டோ என்று தபாலதிபர் கேட்டார். நான் மறுமொழி கூறவில்லை.

மூன்றாம் நாள் பெரகலைச் சந்திக்கு இறங்கி, இரத்தினபுரித் தெருவில் ஹல்துமுல்லையை அடைந்தோம். தெருவுக்கு அப்பால் சிறு மேடொன்றில் கருங்கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. கட்டுகொடெல்லக் கோட்டை என்பது ஊர்ப்பெயர். போர்த்துக்கேயர் கோட்டை என்பது வழக்கு. சுவர் மேல் அமர்ந்து ரொட்டி தின்றபடி மாணவருக்கு 1630 ஆம் ஆண்டின் கதையைச் சொன்னேன். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கண்டியரசனை வெல்ல எண்ணி ஊவாவுள் நுழைந்து பதுளையை எரித்தார். திரும்பும் வழியில் அவரது படையில் இருந்த சிங்கள லஸ்கரின் வீரர் முதலியார்களோடு எதிர்ப்பக்கம் சேர்ந்தனர். மழை பெய்து வெடிமருந்து நனைந்தது. வெல்லவாயை அருகே ரன்தெனிவெலவில் அவரும் படையும் ஒருங்கே அழிந்தனர். உள்ளே வருவது எளிது, வெளியே போவது அரிது என்பதை மலைநாட்டரசர் நன்கு அறிந்திருந்தனர். "அப்படியென்றால் இந்தக் கோட்டையால் என்ன பயன்?" என்றான் ஒருவன். நல்ல கேள்வி.

நான்காம் நாளைப்பற்றி எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினேன் எனலாம்.

பெரகலையிலிருந்து கொஸ்லந்தைத் தெருவிற் கிழக்கே நடந்தோம். இடப்புறம் மலை செங்குத்தாக எழுகிறது; அதன் அடிவாரத்தில் தேயிலை. ஒரு திருப்பத்தில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்திருந்த முதியவள் ஒருத்தி எம்மை மறித்தாள்.

"எங்க சாமி போறீங்க? கதிர்காமத்துக்கா?"

"இல்லை ஆயா, மலையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா நடக்கிறோம்."

"சும்மாவா!" என்று அவள் சிரித்தாள். பிறகு தன் போத்தலிலிருந்த சாயத் தேத்தண்ணீரை மூடியில் ஊற்றி, முதலில் தபாலதிபருக்குக் கொடுத்தாள். "பாத்துப் போங்க. மேல மீரியபெத்தை. மழை வந்தா நிக்காதீங்க" என்றாள்.

மீரியபெத்தை! 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29 ஆம் நாள் காலை, ஏழரை மணியளவில், பலநாள் மழையில் ஊறிய மலைச்சரிவு பெயர்ந்து வந்து அத்தோட்டத்தின் லயங்களை மூடிற்று. பள்ளிக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தனர்; திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோரின் உடல்கள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டன. இது எதிர்பாராத விபத்து என்று கூறி நகர்ந்துவிட முடியாது. இச்சரிவு ஆபத்தானது, மக்களை அகற்றல் வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அகற்றப்பட்டு எங்கே போவது? லயம் தோட்டத்துக்குரியது, நிலமும் தோட்டத்துக்குரியது. பெயரில் ஒரு பேர்ச் காணி இல்லாதவன் எந்த எச்சரிக்கைக்கு எழுந்து எங்கே நடப்பான்?

நாம் நின்ற இடத்தில் பசுமை மீண்டும் மூடியிருக்கிறது. எம்முடன் வந்த தோட்டத்து இளைஞர் கையை நீட்டி, "அந்தப் பக்கம் லயம்" என்று மட்டும் சொன்னார். காலை முதல் ஓயாது பேசிய மாணவர் ஐவரும் வாய் திறக்கவில்லை. ஹல்துமுல்லையில் ஏறக்குறைய நானூறு ஆண்டுக்கு முன் அடுக்கிய கல் கலையாது நிற்க, அதே மலைத்தொடரின் கீழ், நேற்று வரை மனிதர் உறங்கிய சுவரில் ஒரு கல்லும் தெரியவில்லை என்பதை அவர்கள் தாமாகவே கண்டிருப்பர்.

அன்று பூணாகலை மலைக்கு ஏறினோம். உயிர் தப்பிய குடும்பங்களுக்கெனக் கட்டிய 75 வீடுகள் மக்கல்தெனியாவில் 2016 இல் கையளிக்கப்பட்டன. வாயிலில் செவ்வந்தி, கொடியிற் காயும் பள்ளிச் சீருடை, நாய், வானொலி. ஒரு வீட்டில் நீர் கேட்டோம். உள்ளே அழைத்து அமர்த்தினார்கள். பழையதைப்பற்றி நாம் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. "பிள்ளைங்க எந்த ஸ்கூல்?" என்று வீட்டுக்காரம்மா எம் மாணவரைக் கேட்டார், பேச்சு பரீட்சையைப்பற்றியே நடந்தது.

ஐந்தாம் நாள் விடியுமுன் எழுந்து மலைமுதுகில் ஏறி, லிப்டன் இருக்கை எனப்படும் முனையை அடைந்தோம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,970 மீற்றர். 1890 இல் இப்பக்கத்துத் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் இங்கே அமர்ந்து தம் உடைமையை நோக்குவாராம். இவ்வூவாவில்தான், மடுல்சீமைப் பகுதியில், 1869 இல் கோப்பி இலையில் செந்துரு நோய் முதலிற் காணப்பட்டது. கோப்பி மடிந்தது, தேயிலை வந்தது. மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தோரின் பிள்ளைகள் கோப்பிக்கு வெட்டிய அதே ஒற்றையடிப் பாதைகளில் தேயிலைக் கூடையோடு நடந்தனர்.

அப்பாதைகளுக்கு இன்று புதுமதிப்பு வந்திருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ வழி என்னும் நெடும்பாதை, பழைய தோட்டப் பாதைகளையும் வண்டித் தடங்களையும் கோத்து 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளுகிறது. வழியில் வெளிநாட்டார் இருவரைச் சந்தித்தோம்; காலணி, கைத்தடி, முதுகுப்பை எல்லாம் கச்சிதம். எம் மாணவர் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டனர். இவ்வழியால் லயத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் தொழிலும், வீட்டாருக்கு உணவளிக்கும் வருவாயும் கிட்டுமாயின் மகிழ்ச்சியே. ஆயின் பாதையோரப் பலகையில் தோட்டத்தின் பெயரும் உயரமும் இருக்க, பாதை வெட்டியவரைப்பற்றி ஒரு வரியாவது இருத்தல் தகும் என்பது என் கருத்து.

ஆறாம் நாள் பண்டாரவளையிலிருந்து எல்ல. அங்கே மக்கள் திரள் அதிகம், நாம் நிற்கவில்லை. கணவாயின் விளிம்பிலிருந்து வெல்லவாயைச் சமவெளியை மட்டும் நோக்கினோம். ஐந்து நாளில் மலையைச் சுற்றி வந்து, த சாவின் படை அழிந்த திசைக்கு நேர்மேலே நின்றுகொண்டிருந்தோம். பின்னர் 1921 ஆம் ஆண்டின் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து தெமோதரையில் புகையிரதம் ஏறினோம். நமுனுகுலையின் சிகரங்கள் வலப்புறம் நகர, பதுளை வந்தது.

1924 இல் இருப்புப்பாதை வந்து நின்ற கடைசி நிலையம் இது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமரும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியா செல்ல வேண்டும் என்று எண்ணி வைத்தார்கள். அதன்பின் பல ஆண்டுகள் ஊவாத் தோட்டத்துக் குடும்பங்கள் இவ்வழியே தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறின. போவோரும் நிற்போரும் கட்டிப்பிடித்துக் கதறியதால் அப்புகையிரதத்துக்கு அழுகைக் கோச்சி என்று பெயர்.

மாணவர் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தனர். தபாலதிபர் மேடையின் ஓரத்துக்கு நடந்து ஓரிடத்தில் நின்றார். சிறுவனாக இருந்தபோது அத்தையின் குடும்பத்தை இங்கேதான் வழியனுப்பினாராம். சன்னலுக்குள்ளிருந்து அத்தை மகன் தன் பம்பரத்தை எறிந்தானாம்.

"எந்தப் பெட்டி ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"கடைசியிலிருந்து இரண்டாவது" என்றார் அவர்.