அரைக்கூடு கிட்டார் வாங்கப் போகும் தோழிக்கு



பாடற்குழுவில் கிட்டார் வாசிக்க ஆசைப்பட்டு, விரல் நோகிறதென்று இரண்டே மாதத்தில் விட்டுவிட்டவர்கள் நம்மில் பலர். நானும் அப்படி விட்டவள்தான். பளபளப்பில் மயங்கி அப்பாவை வற்புறுத்தி வாங்கிய என் முதல் கிட்டாரில் கம்பிகள் அவ்வளவு உயரம்! அது அலமாரிமேல் கிடந்ததைப் பார்த்து அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது. குறை விரலில் அல்ல, கிட்டாரில் என்று பிறகே தெரிந்தது.

இரண்டாம் முறை நான் தேர்ந்தது 'செமி-ஹாலோ' எனப்படும் அரைக்கூடு மின்கிட்டார். வீணைக் குடம் முழுவதும் குடைந்தது அல்லவா? இதிலோ இரு பக்கமும் கூடு, நடுவில் நெடுக ஒரு மரக்கட்டை. முழுக்கூடு கிட்டாரை ஒலிபெருக்கியருகே உரக்க வாசித்தால் மேற்பலகை அதிர்ந்து ஊளையிடும். நடுக்கட்டை அதை வெகுவாகக் குறைக்கிறது. 1958-இல் கிப்ஸன் கம்பெனி வெளியிட்ட இ.எஸ்-335 இவ்வகையில் புகழ்பெற்றது. மின்சாரம் இல்லாமலும் மெல்லக் கேட்கும். தம்பி படிக்கும் அறையிலேயே பழகலாம்.

அசல் கிப்ஸன் நமக்கு எட்டாத விலை. 1957-இல் அந்நிறுவனம் வாங்கிய எபிஃபோனும், ஜப்பானிய இபானெஸின் 'ஆர்ட்கோர்' வரிசையும் விலை குறைந்தவை. ஆனால் 335-இன் உடல் அகலம் 16 அங்குலம். சிறிய பெண்ணுக்கு வலக்கை தோளோடு தூக்கி நிற்கும். அவளுக்கு எபிஃபோன் இ.எஸ்-339, இபானெஸ் ஏ.எம் போன்ற சிற்றுடல் வகைகளே உகந்தவை. இவற்றில் கம்பியின் நீளம் ஏறக்குறைய 24¾ அங்குலம். வேறு பல மின்கிட்டார்களில் 25½. நீளம் குறைந்தால் இழுவிசையும் குறையும், விரல் எட்டுவதும் எளிது.

கடையில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பாருங்கள். இடக்கையை எடுத்ததும் கழுத்து கீழே சாய்ந்தால் அது வேண்டாம். பன்னிரண்டாம் கட்டில் தடித்த கம்பி சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பது நல்லது. அங்கே அழுத்தி மீட்டினால் வெறுங்கம்பியின் மேல்ஸ்தாயி சுத்தமாக ஒலிக்க வேண்டும். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். கட்டுகளின் முனை கீறக் கூடாது. கம்பி 9 அல்லது 10 எண் போதும். பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். சிறிய ஆம்பிளிபயரும் வாங்க வேண்டுமே!

நம் ஊருக்கென ஒரு கவலையும் உண்டு. குற்றாலச் சாரலில் மரம் ஈரம் உறிஞ்சி உப்பும். தென்காசியின் சித்திரை வெயிலில் சுருங்கும். கழுத்து வளைந்து கம்பி மீண்டும் உயரும். கழுத்தினுள் உள்ள இரும்புக் கம்பியைத் தெரிந்தவர் கால் சுற்று திருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். நாமாகத் திருக வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை உறைக்குள் நான்கைந்து சிலிக்கா பொட்டலம் போட்டு, வாசித்த பின் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் துரு சீக்கிரம் ஏறாது.