கட்டுச்சோறும் பார்டர் புரோட்டாவும்

ஆச்சி இருந்தவரை சிவகிரியில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு நேரே உள்ளே வந்துவிட முடியாது, வாசலிலேயே வாய் கழுவ வேண்டும். வாடையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். "வீட்ல அடுப்பு எரியலன்னு ஊருக்குத் தாக்கல் சொல்லிட்டு வாரியால?" என்று ஒரு கேள்வி. அதற்குமேல் திட்டமாட்டாள். அவள் கணக்கில் காசு கொடுத்துச் சோறு தின்பவர்கள் இரண்டே பேர்: நாதியற்றவன், கோர்ட்டுக்கு அலைகிறவன்.

அப்படிப்பட்டவள் ஊர் சுற்றாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. வருஷம் தவறாமல் ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் போனவள். சிவகிரியிலிருந்து தென்காசி ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று மேற்கு மலையை வலது கைப்பக்கமாகப் பார்த்துக்கொண்டே போகும் சாலை. எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. தண்டவாளம் ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் பக்கமாகத் திரும்பிப் போய்விடுகிறது. அதனால் அவள் சின்ன வயசில் மாட்டுவண்டி, பிறகு பஸ். எதில் போனாலும் கூடவே ஒரு ஓலைப்பெட்டியும் தூக்குச்சட்டியும் போகும்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மேலே மிதக்கிற பதம்வரை சுண்டவிடுவாள். வெங்காயம், தேங்காய் இரண்டையும் அண்டவிடமாட்டாள், ஊசிப்போகும். சோற்றை வடித்து, பரத்தி, ஆவி முழுதும் அடங்கிய பிறகுதான் பிசைவாள். சூட்டோடு கட்டினால் இலையில் வேர்வை கோத்துச் சோறு நொசநொசத்துவிடும். இட்லி என்றால் இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடி தடவி எண்ணெயில் ஊறவைத்தது. தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல். இரண்டு நாளைக்கு அடுப்பே வேண்டாம். அருவியில் குளித்து எழுந்ததும் வருகிற பசிக்கு மரத்தடியில் இலையை விரித்தால் பொட்டலம் பொட்டலமாக இறங்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்துக்கு இது பெரிய சமையல் நுட்பம். நாம் அதைப் 'பழையகால வழக்கம்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம்.

ஆனால் ஒன்று. நாற்பது ஐம்பது தடவை குற்றாலம் போயும் தென்காசிக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆச்சிக்குத் தெரியாது. கால் ஊர் சுற்றியது. நாக்கு சிவகிரியை விட்டு நகரவே இல்லை.

இதற்குச் சிக்கனமும் சுத்தமும் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். ஓலைப்பெட்டிக்குள் புளிச்சோற்றோடு சாதியையும் சேர்த்துத்தான் கட்டியிருந்தார்கள். யார் சமைத்ததை யார் தின்பது, யார் பக்கத்தில் உட்கார்ந்து தின்பது என்பது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. எங்கள் பக்கத்துச் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவரைத் தனியே உண்ண அனுமதித்தார்கள் என்ற ஒரு விஷயமே தமிழ்நாட்டுக் காங்கிரசை உலுக்கியது. பெரியார் அந்தக் கட்சியை விட்டு விலகியதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்றிருந்த ஏற்பாடு, போராட்டத்துக்குப் பிறகு 1941இல்தான் ஒழிந்தது. கிராமத்து டீக்கடைகளின் இரட்டைத் தம்ளர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தது. ஆச்சிக்கு ஓட்டலுக்குள் போகப் பிடிக்கவில்லை. உள்ளே விடப்படாதவர்களும் அதே சாலையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் நடந்தார்கள். இரண்டு பெட்டியிலும் ஒரே புளிச்சோறுதான் என்றாலும் கதை ஒன்றல்ல.

கடல் கடந்தவர்கள் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1914இல் கேம்பிரிட்ஜ் போன கணிதமேதை ராமானுஜன் அங்கே தனக்குத் தானே பொங்கிச் சாப்பிட்டார். புளியும் தேங்காயெண்ணெயும் ஊரிலிருந்து பார்சலில் வரவேண்டியிருந்தது. ஆச்சியின் ஓலைப்பெட்டி கப்பல் ஏறினால் அப்படித்தான் இருந்திருக்கும்.

குற்றாலத்திலேயே இதற்கு நேர்மாறான ஒரு வீடும் இருந்தது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீடு. 1954இல் அவர் மறையும்வரை ராஜாஜி, கல்கி என்று எத்தனையோ பேர் அங்கே விருந்தாளிகள். வந்தவர்களுக்குக் கவிதை ஒரு பக்கம், இலைச் சாப்பாடு ஒரு பக்கம். வெளியூர்க்காரன் ஒருவன் திருநெல்வேலிச் சீமைச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டுமென்றால் அன்றைக்கு இருந்த வழி அது ஒன்றுதான்: யாராவது வீட்டுக்குக் கூப்பிட வேண்டும்.

நாக்கின் கட்டை முதலில் அவிழ்த்தது எங்கள் பக்கத்தில் புரோட்டாதான். அதற்குப் பெயர் வாங்கிய இடம் பிரானூர் பார்டர். இப்போது அங்கே எந்த எல்லையும் கிடையாது. கேரள எல்லைக்கு இன்னும் மலைப்பக்கமாகப் புளியரை தாண்டிப் போகவேண்டும். பிறகு ஏன் பார்டர்? செங்கோட்டை அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலி ஜில்லா. இரண்டு ராஜ்யமும் முட்டிக்கொண்ட இடம் பிரானூர். 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் எல்லை மலையேறிப் போய்விட்டது, பெயர் மட்டும் கல்லாவில் உட்கார்ந்துவிட்டது. இன்று 'பார்டர்' என்றால் ஜனங்களுக்கு நினைவு வருவது திருவிதாங்கூர் மகாராஜா இல்லை, ரஹ்மத் கடைப் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் காடையும்தான். சரித்திரத்தை இப்படி ருசியாக ஞாபகம் வைத்திருக்கிற ஊர் வேறு உண்டா என்று தெரியவில்லை.

கல்லூரி நாளில் நான் முதல்முறை அங்கே போனேன். இலையில் சின்னச் சின்னப் புரோட்டாக்களைப் பிய்த்துப் போட்டு, தலைமேல் சால்னாவை ஊற்றிவிட்டுப் போனார் பரிமாறுகிறவர். ஒரே பெஞ்சில் அந்தப் பக்கம் லாரி டிரைவர், இந்தப் பக்கம் குடும்பத்தோடு வந்த வாத்தியார், எதிரே ஈரத் தலையோடு மலையாளத்துப் பையன்கள். யாரும் யாரையும் என்ன ஆளுங்க என்று கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. பின்னால் இடத்துக்கு ஆள் நின்றுகொண்டிருந்தது. சேரன்மாதேவியில் முடியாமல் போனதைப் பசியும் நெரிசலும் எப்படியோ நடத்திவிட்டன. அன்று வீட்டு வாசலில் வாய் கழுவும்போது எனக்குக் குற்ற உணர்ச்சி வரவில்லை.

எங்கள் சாலையிலிருந்து ருசி வெளியே போன கதை இன்னும் பெரியது. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் இஸ்லாமியக் குடும்பங்கள் நூறாண்டுக்கு முன்பே சிங்கப்பூர் போய் வேரூன்றின. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது 1941இல். ஆண்கள் மட்டும் போகாமல் பெண்களையும் கூட்டிப்போன ஊர் கடையநல்லூர். அந்தப் பெண்களில் பலர் அங்கே அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். சீனர் வீட்டுக் குழம்பிலும் மலாய்க்காரர் வீட்டுக் குழம்பிலும் கடையநல்லூர்க் கை பட்டிருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம். நம்ம புரோட்டாவும் அங்கே போய்ச் சிங்கப்பூரில் 'பிராட்டா', மலேசியாவில் 'ரொட்டி சானாய்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் காவடியில் சோறும் குழம்பும் தூக்கி விற்றதுதான் இன்று உலகம் தேடி வந்து சாப்பிடுகிற 'நாசி கண்டார்'. சிங்கப்பூர் தன் தெருச்சாப்பாட்டுக் கடைகளின் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றிவிட்டது. அங்கே இருக்கிற என் தம்பி மகன் அதைப் படம் எடுத்து அனுப்பி, "பெரியப்பா, இது நம்ம ரோட்டுச் சாப்பாடுதான?" என்று எழுதியிருந்தான். பாதி சரி என்று பதில் போட்டேன்.

உள்ளே வந்ததும் உண்டு. குற்றாலத்தில் சீசனுக்குக் குவித்து விற்கிற மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் தென்கிழக்காசியக் காட்டுப் பழங்கள். ஜாதிக்காயும் கிராம்பும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் தோட்டம் போட்டு வளர்த்துப் பார்த்தவை. சிங்கப்பூரில் வாடைக்காக ரயிலில் ஏற்றாத துரியன், நம்ம ஊரில் பிள்ளை வரம் தரும் பழமென்று ஆயிரக்கணக்கில் விலை போகிறது. ஆச்சி மங்குஸ்தான் மட்டும் வாங்குவாள். பழத்துக்குத் தீட்டு இல்லையாம்.

இப்போதைய நிலவரத்துக்கு வருகிறேன். 2019இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. புனலூர் ரயில்பாதை அகலமாகி 2018இல் திறந்த பிறகு கொல்லத்துக்காரர்கள் இங்கே கோழி தின்ன வருகிறார்கள், நம் பையன்கள் அங்கே கப்பையும் மீன்கறியும் தின்னப் போகிறார்கள். சாரலுக்குப் போய் அப்படியே சாப்பிட்டு வந்தது மாறி, சாப்பிடப் போய் அப்படியே ஒரு குளியல் போட்டு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவில் பிரியாணிக்கு ஒரு கார், விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவுக்கு ஒரு கார். வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது இன்றைக்கு அவமானத் தாக்கல் இல்லை, படம் எடுத்துப் போடுகிற சேதி. எங்கள் தெருவில் துபாய் போகாத வீடும் பாங்காக் பார்க்காத பையனும் குறைவு.

கட்டுச்சோறு ஒழிந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. ஐரோப்பியச் சுற்றுலாவுக்குச் சமையல்காரரைக் கூடவே அழைத்துப் போகிற கம்பெனியில் முன்பதிவு செய்து என் ஒன்றுவிட்ட அண்ணன் பாரிஸ் பார்த்து வந்தார். பத்து நாளும் சாம்பார். மைனி பெட்டியில் புளியங்குடி எலுமிச்சையில் போட்ட ஊறுகாய் இரண்டு பாட்டில். "அந்த ஊர் ரொட்டி எப்படிண்ணே?" என்றேன். "காலைல ஓட்டல்ல வச்சிருந்தான். கட்டையா இருந்துச்சு, தொடல" என்றார். ஆச்சி பரவாயில்லை, அவளுக்கு இரண்டு நாள் பயணம், ஒரு ஓலைப்பெட்டி.

என்னை உறுத்துவது வேறு. போன ஆடியில் சென்னையிலிருந்து நண்பரின் மகள் வந்தாள். வியட்நாம், ஜார்ஜியா என்று போகிற இடத்திலெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைத் தேடித் தின்கிற பெண். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டாள்: "மாமா, உங்க ஊர்ச் சாப்பாடு எங்க கிடைக்கும்?"

ஃபிரைடு ரைஸ் கிடைக்கும், சவர்மா கிடைக்கும், கோபி மஞ்சூரியன் கிடைக்கும், நாலு கடையில் புரோட்டா கிடைக்கும். எங்கள் ஊர்ச் சாப்பாடு கிடைக்காது. தொலி உளுந்தை வறுத்து, பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பொங்குகிற உளுந்தஞ்சோறு, அதற்கு எள்ளுத் துவையல். காய்கறியையும் பருப்பையும் சேர்த்துப் பொங்குகிற கூட்டாஞ்சோறு. மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதி. யாழ்ப்பாணத்தில் சொதி அன்றாட இடியாப்பத்துக்கு. இங்கே கல்யாண மரியாதைக்கு. இதெல்லாம் என்றைக்குமே கடையில் விற்ற பொருள் இல்லை. காரணமும் இருக்கிறது. சொதியில் தேங்காயின் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்கி, பிறகே எலுமிச்சை பிழிய வேண்டும்; ஓட்டல் அடுப்பில் மூன்று மணிநேரம் சூடுகாட்டிக்கொண்டிருந்தால் திரிந்துவிடும். திருநெல்வேலியிலும் சென்னையிலும் சிலர் துணிந்து போடுகிறார்கள். உளுந்தஞ்சோற்றுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. வயசுக்கு வந்த பிள்ளைக்கும் முதுகுவலிக்காரிக்கும் வீட்டில் பொங்குவது, அதைப் போய் எவன் காசு கொடுத்துத் தின்பான் என்ற எண்ணம் ஒன்றுதான் தடை.

அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் மனைவி உளுந்தஞ்சோறு பொங்கிப் போட்டாள். டி.கே.சி. காலத்து வழி எழுபது வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது: யாராவது கூப்பிட வேண்டும். இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, "இத ஏன் மாமா ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றாள். பதில் சொல்லத் தெரியாமல் இன்னொரு கரண்டி சோறு வைத்து எண்ணெய் விட்டேன்.

தென்காசிச் சாலையில் கடை வைத்திருக்கிற அண்ணாச்சிமார் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். வாரத்தில் ஒரு நாள், கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையாக இருந்தாலும் சரி, கரும்பலகையில் 'உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல்' என்று சாக்பீஸால் எழுதிப் போடுங்கள். முதல் இலைக்கு நான் வருகிறேன். வீட்டுக்கு வந்து வாசலில் வாய் கழுவமாட்டேன்.